ஸ்பெயினுக்கு அனுப்பும் முன் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகங்களைக் கவனித்துவரும் பேராசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஸ்பானியப் பல்கலைக்கழகங்களோடு நீங்கள் போட்டுவரும் ஒப்பந்தங்களில் ஒன்றின் வழியாகப் போய், கிரனாடா நகரில் ஒரு கல்வியாண்டு சிவில் இன்ஜினியரிங் படித்துத் திரும்பியவள் நான். அனுப்பிவைத்ததற்கு நன்றி உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தகவல் கூட்டத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறீர்கள்: "அங்க எல்லாம் இங்கிலீஷ்தான், பயப்படாதீங்க." அதைச் சொல்வதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நிறுத்தினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் வேறொன்றைச் செய்ய வேண்டும், அதையும் சொல்கிறேன்.

நீங்கள் ஏன் அப்படி நம்புகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் பழகுவது அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தோடு. அவர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள், மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் பதில் போடுவார்கள், இங்கே வந்தால் மேடையில் ஆங்கிலத்தில் உரையாற்றுவார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் சில பாடங்களின் பட்டியலையும் தருவார்கள். அதைப் பார்த்துவிட்டு நாடு முழுக்க இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மாணவர் அந்த அலுவலகப் படியை விட்டு இறங்கியதும் கதை மாறிவிடும். வீட்டுக்காரர், நகராட்சி எழுத்தர், போலீஸ், மருந்துக் கடைக்காரர், பஸ் ஓட்டுநர், பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர் எல்லோருக்கும் வாழ்க்கை ஸ்பானிஷில் நடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் ஊர், அவர்கள் மொழி.

முதலில் வீடு. ஸ்பெயினில் பெரும்பாலான மாணவர்கள் கல்லூரி விடுதியில் தங்குவதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடித்து, ஆளுக்கொரு அறை வைத்துக்கொள்வார்கள். பீசோ என்று சொல்லும் அந்தப் பகிர்வு வீடுதான் அங்கே மாணவ வாழ்க்கையின் மையம். கொலேஹியோ மயோர் என்ற விடுதிகள் உண்டு, சாப்பாட்டோடு சேர்த்து விலை அதிகம். ஆகவே நம் பிள்ளைகளும் இணையத்தில் அறை தேடி, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். ஆங்கிலத்தில் அனுப்பினால் பெரும்பாலும் பதிலே வராது. வருகிற பதில் ஒன்று தரகரிடமிருந்து இருக்கும், இல்லையென்றால் ஏமாற்றுக்காரரிடமிருந்து. ஆளே இல்லாத வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

வீடு கிடைத்த பிறகு ஒப்பந்தம். அது ஸ்பானிஷில் இருக்கும். குடியிருப்பு வாடகை என்றால் சட்டப்படி ஒரு மாத வாடகைதான் பிணைத்தொகை. 2023இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு தரகுக் கூலியும் வீட்டுக்காரர் தலையில்தான். ஆனால் அதே ஒப்பந்தத்தில் 'தெம்பொராதா', அதாவது பருவகால வாடகை, என்று எழுதிவிட்டால் பிணைத்தொகை இரண்டு மாதம் ஆகிவிடும், தரகுக் கூலி விதியும் பொருந்தாது. மாணவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வகைதான் நீட்டுவார்கள். அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, "இது எதற்கு?" என்று கேட்கும் அளவுக்காவது மொழி தெரிந்திருந்தால் பேரம் பேசலாம். தெரியாதவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

அப்புறம் எம்பத்ரோனாமியெந்தோ. இந்தச் சொல்லை உங்கள் தகவல் கூட்டத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஸ்பெயினில் வசிக்கிற யாரும் தாம் குடியிருக்கும் ஊரின் நகராட்சிப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். குடியுரிமை, விசா எதையும் அது பார்ப்பதில்லை. வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் போதும், வீட்டுக்காரரின் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் எனக்கு அறை கொடுத்தவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் வேண்டாம்மா, மற்றப் பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை" என்கிற தொனியில் மறுத்துவிட்டார். வருமானத்தைக் கணக்கில் காட்டாதவர்களுக்கு அந்தப் பதிவு பிடிக்காது. சட்டம் என்ன சொல்கிறது என்று அவரிடம் அவர் மொழியில் பொறுமையாக எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து அறை ஸ்பானியப் பெண் கூட நின்றாள். அவள் இல்லையென்றால் என் அரைகுறை ஸ்பானிஷை வைத்து அந்தப் பேச்சைப் பேசியிருக்கவே முடியாது.

அந்தப் பதிவு எதற்கு என்றால், அடுத்த படிக்கு. ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிற மாணவர், நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தியே என்கிறார்கள். பல மாகாணங்களில் நகராட்சிப் பதிவுச் சான்றைக் கேட்பார்கள். இஎக்ஸ்-17 என்ற படிவம், 790-012 என்ற கட்டண ரசீது, புகைப்படம், கைரேகை. இவை எதுவும் கஷ்டம் இல்லை. கஷ்டம் எல்லாம் 'சீத்தா ப்ரேவியா' என்ற முன்பதிவு நேரத்தை வாங்குவதில்தான். இணையத்தில் எப்போது பார்த்தாலும் இடமில்லை என்றே காட்டும். அந்த நேரங்களை மொத்தமாக வளைத்துப்போட்டு, தவிக்கிற வெளிநாட்டவர்களிடம் காசுக்கு விற்கிற கும்பல்களைப் போலீசே பிடித்திருக்கிறது. எந்தக் கிழமை காலையில் புதிய நேரங்களைத் திறக்கிறார்கள், பக்கத்து ஊர் அலுவலகத்தில் கிடைக்குமா என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் வாய்வழியாகச் சொல்லும் செய்தி. நம் ஊரில் தத்கால் டிக்கெட் எடுக்கத் தெரிந்தவருக்கு அந்த அவஸ்தை உடனே பிடிபடும். ஆனால் இங்கே நம்மால் நாலு பேரிடம் கேட்க முடியும்.

ஒரே பருவம், அதாவது 180 நாளுக்குள், போகிறவருக்கு இந்த அட்டையே வேண்டாம், விசாவே போதும். அவர்களுக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று, அது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்தீல் முத்திரை, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு என்ற அலைச்சலும் இல்லை. முழு ஆண்டு போகிறவருக்கு எல்லாமே உண்டு. இந்த இரண்டு வகையையும் ஒரே சுற்றறிக்கையில் குழப்பி எழுதாதீர்கள். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டவேண்டிய தொகை இப்போது மாதத்துக்கு 600 யூரோ என்ற கணக்கில் வருகிறது, மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சையின்போது நம் பங்குக்குக் கட்டும் தொகை என்று எதுவும் இருக்கக் கூடாது. இவற்றையாவது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறீர்கள்.

சரி, வகுப்புக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் படிக்கத்தானே போகிறோம்.

ஆங்கிலத்தில் நடத்தும் பாடங்கள் உண்டு என்றேன். அவற்றில் யார் உட்கார்ந்திருப்பார்கள் தெரியுமா? பெரும்பாலும் நம்மைப் போலப் பரிமாற்றத்தில் வந்தவர்கள். போலந்து, இத்தாலி, துருக்கி, ஜெர்மனி. நல்ல பிள்ளைகள்தான், பழகலாம். 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியதிலிருந்து ஐரோப்பிய மாணவர்கள் இப்படி நாடு விட்டு நாடு போய்வருவது வழக்கமாகிவிட்டது, அவர்களை அதிகமாக ஏற்கும் பல்கலைக்கழகங்களில் கிரனாடா முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஆறு மாதம் சுற்றிவிட்டு, ஒரு ஸ்பானியர் வீட்டில்கூட ஒருவேளை சாப்பிடாமல் திரும்புகிறவர்கள் ஏராளம். நாம் தேடிப் போன பாடங்கள், அணைகள் குறித்தும் பழைய கற்கட்டடங்களைப் பழுதுபார்ப்பது குறித்தும் அங்கே பல தலைமுறையாகச் சேர்ந்திருக்கும் அனுபவம், எல்லாம் ஸ்பானிஷ் வகுப்புகளில் இருக்கிறது. அல்ஹம்ப்ரா கோட்டையை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், அந்தச் சுவர்களை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று விளக்கும் பேராசிரியர் எதற்கு ஆங்கிலத்தில் பேச வேண்டும்?

அதிலும் கிரனாடா, ஸ்பெயினின் தெற்குப் பகுதியான அந்தலூசியாவில் இருக்கிறது. அங்கே சொல்லின் கடைசியில் வரும் ஸ்-ஐ விழுங்கிவிடுவார்கள். 'மாஸ் ஓ மேனோஸ்' என்று புத்தகத்தில் படித்தது 'மா ஓ மேனோ' என்று காதில் விழும், அதுவும் மின்னல் வேகத்தில். கைபேசிச் செயலியில் மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு போன என் வகுப்புத் தோழன் முதல் வாரம் ஊமையாகவே இருந்தான். தமிழைப் பாடநூலில் மட்டும் கற்ற ஒருவரை நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. பயிற்றுநர் இல்லாமல், செயலியை நம்பி அனுப்புவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வகுப்பில் இன்னொன்றும் நடக்கும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், 'தூ' என்றுதான் பேசுவார்கள், நம் கணக்கில் 'நீ'. நமக்கு நாக்கே எழும்பாது. குறிப்புகள் எல்லாம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். தேர்வு தேதி மாறியதிலிருந்து பழைய வினாத்தாள் வரை அதில்தான் வரும். அந்தக் குழுவில் யாராவது உங்களைச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தாலும் அந்தச் சுருக்கெழுத்து ஸ்பானிஷ் புரிய வேண்டும். பதினோரு மணிக்குக் கேன்டீனில் தக்காளி தடவிய ரொட்டியும் பால் காபியுமாக நிற்கும் அரைமணி நேரத்தில்தான் குழு வேலைகளுக்கு ஆள் சேர்ப்பார்கள். அங்கே பேசாமல் நின்றவர், கடைசியில் மிச்சம் விழுந்தவர்களோடு சேருவார்.

ஒரே கல்லூரியிலிருந்து போகிற ஐந்து பேருக்கும் ஒரே வீட்டைப் பார்த்துத் தருகிறீர்கள், அதையும் விட்டுவிடுங்கள். பெற்றோருக்கு நிம்மதி என்று நினைத்துச் செய்கிறீர்கள், எனக்கும் தெரியும். ஆனால் ஐவரும் சேர்ந்து குக்கர் வைத்து, தமிழில் பேசி, தமிழ்ப் படம் பார்த்து, ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தால் அது ஸ்பெயினில் நடக்கும் தமிழ்நாட்டு விடுதி. தயிர்சாதத்தை விடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை. ஆளுக்கொரு பீசோவில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடலாம். (அசைவம் சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் சூரை மீன் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், மீன் அவர்கள் கணக்கில் இறைச்சியில் வராது. கிரனாடாவில் ஒரு குடிபானம் வாங்கினால் கூடவே தாபாஸ் என்ற சிறு தீனி ஒரு தட்டு இலவசமாக வரும், அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் மொழி வேண்டும்.)

இனி உங்களால் செய்யக்கூடியது. ஸ்பானிஷ் பேசும் நாட்டுக்குப் போகிற யாருக்கும், போவதற்கு முந்தைய மூன்று பருவங்களில் மொழி வகுப்பு வையுங்கள், அதற்குக் கிரெடிட் கொடுங்கள். பல ஸ்பானியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வகுப்பில் உட்கார பி1 என்ற இடைநிலை மொழித் தேர்ச்சியைப் பரிந்துரைக்கின்றன. என் கணக்கில் அதற்கு 300 மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் மூன்று பருவத்தில் கிட்டத்தட்ட முடிந்துவிடும். தேர்ந்தெடுப்பதையும் முன்னதாகச் செய்யுங்கள். விமானம் ஏறுவதற்கு நான்கு மாதம் முன்பு பட்டியல் போட்டுவிட்டு மொழி படி என்றால் யாரால் முடியும்? இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பெயர்ப் பட்டியல் எடுத்து, படிக்கிறவர்களை மட்டும் அனுப்புங்கள்.

அந்த வகுப்பைத் தமிழ் வழியாக நடத்துங்கள். இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் இடங்கள் எல்லாம் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைப் பல மாதம் படுத்தும் 'மே குஸ்தா எல் கஃபே' என்ற அமைப்பு நமக்கு 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேசா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது'. 'வந்தேன்' என்றால் 'நான்' சொல்லத் தேவையில்லை, வினையின் வாலே ஆளைக் காட்டிவிடும், அவர்களுக்கும் அப்படித்தான். நீ, நீங்கள் என்ற பிரிவும் அங்கே உண்டு. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் 'த', நம் 'அது'வில் வருவதுபோல அவர்கள் வாயிலும் மெலிந்துபோகிறது. நமக்குக் கஷ்டமானவை வேறு: மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று எல்லாப் பொருளுக்கும் பால் நினைவில் வைக்க வேண்டும், 'இரு' என்ற ஒரே வினைக்கு அங்கே இரண்டு. ஆங்கிலேயருக்காக எழுதிய பாடநூல் நமக்கு எளிதானதில் நேரத்தை வீணடித்துவிட்டு, கஷ்டமானதில் ஓடிவிடுகிறது. கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த மாணவிக்கு, ஆங்கிலத்தில் தடுமாறுகிறாள் என்பதால் வெளிநாட்டு வாய்ப்பு கைநழுவிப் போகிறதே, அவளுக்கு இந்த வகுப்பில் முதல் பெஞ்ச் கிடைக்கும்.

எல்லா ஊரும் கிரனாடா இல்லை என்பதையும் கவனியுங்கள். 1978ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டப்படி காஸ்தீலியன் என்கிற ஸ்பானிஷ் நாடு முழுக்க ஆட்சிமொழி, அதோடு அந்தந்தப் பகுதியின் மொழியும் அங்கே ஆட்சிமொழி. பார்சிலோனாவிலும் வலென்சியாவிலும் பல வகுப்புகள் கத்தலானில் நடக்கும், வலென்சியாவில் அதை வலென்சியன் என்பார்கள். எந்தப் பாடம் எந்த மொழியில் என்று ஒவ்வொரு பாடத்தின் வழிகாட்டிக் குறிப்பிலும் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். ஸ்பானிஷ் படித்துவிட்டுப் போய், வகுப்பில் கத்தலான் கேட்டு விழித்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். ஒப்பந்தம் போடும்போது அந்தக் குறிப்பைப் பார்ப்பது உங்கள் வேலை. மொழிக்காகப் போகிறவர்களை 1218இல் தொடங்கிய சலமான்கா பல்கலைக்கழகம் போன்ற இடத்துக்கு அனுப்பலாம். வேற்று நாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்றுத்தருவது அந்த ஊருக்குப் பழகிப்போன தொழில்.

மதிப்பெண் பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் பலருடைய வயிற்றெரிச்சல். ஸ்பெயினில் பத்துக்குத்தான் மதிப்பெண். 5 வாங்கினால் தேர்ச்சி, 7 என்றால் 'நோத்தாப்ளே', 9 என்றால் 'சொப்ரெசாலியெந்தே'. அதற்கும் மேலான 'மத்ரீகுலா தே ஓனோர்' சிறப்பை ஒரு பாடத்தில் பதிந்தவர்களில் 5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. கையை இறுக்கிப் போடுவார்கள், 7 வாங்குவது பெருமை. இங்கே வந்ததும், இரண்டும் பத்துக்குத்தானே என்று அந்த 7ஐ அப்படியே சிஜிபிஏயில் ஏற்றிவிடுகிறார்கள். போகாமல் இங்கேயே இருந்தவர் 8.9 வைத்திருக்கிறார். போய் உழைத்துப் படித்து வந்தவருக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வரம்பு இடிக்கிறது. மாற்று அட்டவணை ஒன்றைப் போவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். எந்தெந்தப் பாடங்களை அங்கே படிப்பது என்று போடும் ஒப்பந்தத்தில் அங்கே போன பிறகு மாற்றம் வரும், வகுப்பு நிரம்பிவிடும், நேரம் மோதும். அந்தத் திருத்தத்துக்கு இங்கிருந்து கையெழுத்து வாங்க வாரக்கணக்கில் காத்திருக்க வைக்காதீர்கள்.

"ஆறு மாதத்துக்காக ஒரு மொழியா?" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். ஆறு மாதத்துக்காக விசா, காப்பீடு, விமானச் சீட்டு, வங்கிக் கடன் எல்லாம் செய்கிறோமே சார் என்றேன். அதோடு அந்த மொழி ஸ்பெயினோடு முடிவதில்லை. மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலே, அர்ஜென்டினா என்று சுமார் இருபது நாடுகளில் பேசுகிறார்கள், ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று. மேற்படிப்புக்கு மாதம் 1,400 யூரோ உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முந்துஸ் திட்டங்களில் ஸ்பானியப் பல்கலைக்கழகங்கள் பங்கேற்பவை நிறைய. படிக்கும்போதே வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்யவும் அங்கே மாணவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. மொழி தெரியாதவருக்கு அந்த 30 மணி நேரமும் உணவகத்தின் பாத்திரம் கழுவும் இடத்தில்தான்.

ஆசிரியர் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். டெல்லியில் இருக்கும் செர்வாந்தெஸ் கழகம் இணையத்திலும் வகுப்பு நடத்துகிறது. போய்த் திரும்பிய நாங்களும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். தொடக்க நிலையைத் தமிழில் நடத்த எங்களில் சிலர் ஆயத்தம், இலக்கணத்துக்குத் தேர்ந்த ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இங்கே பரிமாற்றத்தில் வரும் ஸ்பானிய மாணவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தமிழ், நம் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் என்று வாரம் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார வையுங்கள். இந்தர்காம்பியோ என்று அந்த ஊரில் காபிக்கடைதோறும் இது நடக்கிறது, காசே ஆகாது.

அடுத்த கல்வியாண்டுக்கான அறிவிப்பை நீங்கள் எழுதும்போது, தகுதிகள் என்ற தலைப்பில் சிஜிபிஏவுக்கு அடுத்த வரியாக, பி1க்கு ஒரு படி கீழே உள்ள ஸ்பானிஷ் ஏ2 சான்று என்று போடுங்கள். முதல் ஆண்டிலேயே பி1 கேட்டால் யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள், அதனால் ஏ2வில் தொடங்கி அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏற்றிக்கொள்ளலாம். சான்று இல்லாதவருக்கு இங்கேயே வகுப்பு உண்டு என்று அதன் கீழேயே எழுதுங்கள், வகுப்பு தொடங்கும் தேதியோடு.

இப்படிக்கு,
கிரனாடாவில் படித்துத் திரும்பிய ஒரு மாணவி